கையால் கட்டும் மென்னட்டை நோட்டு: எங்கே பிசகியது, எப்படிச் சரிசெய்வது

நோட்டைக் கட்டி முடித்துக் கையில் எடுத்தால் ஏதோ ஒன்று சரியில்லை. முதுகு புடைத்திருக்கிறது, அல்லது அட்டை சுருள்கிறது, அல்லது நடுவில் ஒரு தாள்கட்டு ஆடுகிறது. புத்தகக் கட்டில் ஒரு சங்கடம் உண்டு: பிழை கண்ணில் படும் இடம் ஒன்று, பிழை நடந்த இடம் வேறொன்று. தையலில் தெரியும் கோளாறு மடிப்பிலேயே தொடங்கியிருக்கும். அட்டையில் தெரிவது, தாளை எந்தப் பக்கமாக வெட்டினோம் என்பதிலேயே முடிவாகியிருக்கும். அதனால் இங்கே அறிகுறியில் தொடங்கிப் பின்னோக்கிப் போகலாம். உங்கள் நோட்டில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படித்தால் போதும். ஆனால் முதல் இரண்டு தலைப்புகளை மட்டும் எல்லாரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் மற்றப் பிழைகளில் பாதி அங்கேதான் போய் முடியும்.

சில தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மடித்த கட்டை ஃபாரம் என்று சொல்கிறேன். ஃபாரங்களின் மடிப்புகள் அடுக்கி நிற்கும் பக்கம் முதுகு. அதற்கு எதிர்ப்பக்கம், புரட்டும்போது விரல் படுவது, முன்விளிம்பு. மேல் முனை தலை, கீழ் முனை அடி.

பக்கங்கள் நெளிகின்றன, புரட்டினால் விறைத்துக்கொண்டு நிற்கின்றன

இது நாரோட்டத்தின் வேலை. இயந்திரத்தில் செய்யும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். காற்றில் ஈரம் ஏறும்போது நார் நீளவாக்கில் அவ்வளவாக வளராது, குறுக்குவாக்கில்தான் பருக்கும். ஆகவே தாள் எப்போதும் நாருக்குக் குறுக்கே விரியும், சுருங்கும். நார் முதுகுக்கு இணையாக ஓடினால் அந்த விரிவு முன்விளிம்பு பக்கம் போய்விடும், அங்கே தடுக்க எதுவும் இல்லை. நார் முதுகுக்குக் குறுக்கே ஓடினால் தாள் முதுகின் நீளத்தில் விரியப் பார்க்கும். அங்கே நூலோ பசையோ பிடித்திருக்கிறது. விரிய இடமில்லாத தாள் நெளியாமல் என்ன செய்யும்?

புரட்டும்போது பக்கம் படியாமல் நிற்பதற்கும் இதே காரணம்தான். நாருக்கு இணையாகத் தாள் எளிதாக வளையும், குறுக்கே வளைக்க முயன்றால் எதிர்க்கும்.

நாரோட்டம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள் போதும். தாளை மடிக்காமல், மடிப்பதுபோல் லேசாக வளைத்து உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். இரண்டு திசையிலும் செய்தால் எது குறைவாக எதிர்க்கிறதோ, அந்த வளைவுக் கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. வேண்டாத தாள் ஒன்றைக் கிழியுங்கள். நாரோடு சேர்ந்து போகும் கிழிசல் நேராகப் போகும், குறுக்கே போவது கோணலாக இழுக்கும். அதிலும் தெரியவில்லையென்றால் சிறு சதுரம் வெட்டி ஒரு பக்கம் ஈரப்படுத்துங்கள். அது உடனே குழலாகச் சுருளும், குழலின் நீளம்தான் நாரின் திசை.

தொடங்குகிறவர்கள் விழும் பள்ளம் ஏ4 தாள். கடையில் வாங்கும் ஏ4 கட்டுகளில் நார் பொதுவாக நீளப் பக்கத்துக்கு, அதாவது 297 மி.மீ. பக்கத்துக்கு இணையாக இருக்கும். அதை நடுவில் மடித்து ஏ5 நோட்டு ஆக்கினால் முதுகு 210 மி.மீ. பக்கத்தில் அமையும், நார் குறுக்கே போய்விடும். எல்லாரும் முதலில் செய்து பார்ப்பதும் இந்த அளவைத்தான் என்பது ஒரு வேடிக்கை. இதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு: அதே ஏ4 தாளை முதலில் பாதியாக வெட்டி இரண்டு ஏ5 ஆக்குங்கள், பிறகு அதை மடித்து ஏ6 நோட்டாகக் கட்டுங்கள். இப்போது மடிப்பு 148 மி.மீ. நீளம், நாரும் அதே திசை. பழகுவதற்கு ஏ6 அளவைப்போல் வேறில்லை. தாள் வீணாகாது, சட்டைப் பையிலும் அடங்கும். ஏ5 வேண்டுமென்றால் பெரிய தாளை வாங்கி நாரைப் பார்த்து நீங்களே வெட்ட வேண்டும். கையால் செய்த தாளில் நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கட்டி முடித்த நோட்டில் இதற்கு மருந்து கிடையாது. பசை போடாமல் நூலால் மட்டும் கட்டியதென்றால் நெளிவு சற்று அடங்கியே இருக்கும், எடைக்கு அடியில் வைத்து அப்படியே பயன்படுத்துங்கள். அட்டைக்கும் அட்டையின் உட்புறம் ஒட்டும் தாளுக்கும் இதே விதிதான்: எல்லா நாரும் முதுகுக்கு இணை.

ஒரு விலக்கு. முதல் இரண்டு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் மட்டும் நெளிந்திருந்தால் நாரைக் குற்றம் சொல்லாதீர்கள். அட்டையில் தடவிய பசையின் ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது. ஒட்டியதும் இடையில் மெழுகுத்தாளும் அதன்மேல் ஈரம் உறிஞ்சும் தாளும் வைத்து, எடைக்கு அடியில் ஓர் இரவாவது விட வேண்டும். இடையில் எடுத்துத் திறந்து பார்க்கும் ஆசைதான் இங்கே பெரிய எதிரி.

முதுகு தடித்து முன்விளிம்பு மெலிந்து, நோட்டு ஆப்பு வடிவில் இருக்கிறது

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்புக்குள்ளும் ஒரு நூல் ஓடுகிறது. நூல் 0.5 மி.மீ. தடிமன், ஃபாரம் 12 என்றால் முதுகில் மட்டும் 6 மி.மீ. கூடுகிறது, முன்விளிம்பில் எதுவும் கூடவில்லை. கெட்டி அட்டைப் புத்தகத்தில் முதுகைத் தட்டி வட்டமாக்கி இந்தப் புடைப்பைச் சமாளிப்பார்கள். மென்னட்டையில் அதற்கு வழியில்லை, அப்படியே தெரியும்.

நூல் ஒரு காரணம், மடிப்பு சரியாகப் படியாதது இன்னொன்று. இரண்டில் எது என்று பார்க்க முதுகை விரல்களுக்கு இடையே பிடித்து அழுத்துங்கள். அமுங்கி, விட்டதும் மீண்டும் எழும்பினால் மடிப்பு போதவில்லை. கல்லாக எதிர்த்தால் நூல்தான்.

மடிப்பு என்றால் இது தைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. தாள்களைத் தனித்தனியாகவோ இரண்டிரண்டாகவோ மடித்து, போன் ஃபோல்டரால் (மடிப்பைத் தேய்க்கும் தட்டையான கருவி) மடிப்பின் நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் அழுத்தித் தேயுங்கள். பிறகு ஒன்றுக்குள் ஒன்று செருகி முழு ஃபாரத்தையும் இன்னொரு முறை தேயுங்கள். தாள் பளபளத்துப் போகிறதென்றால் மேலே ஒரு வேண்டாத தாளை வைத்துத் தேயுங்கள். எல்லா ஃபாரங்களையும் அடுக்கி, மடிப்பு ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் பாதி என மாற்றி வைத்து, இரண்டு பலகைகளுக்கு இடையே கனமான எடையில் ஓர் இரவு விடுங்கள். இந்த ஓர் இரவைத் தவிர்த்துவிட்டு நல்ல நோட்டுக் கட்டியவர்கள் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

நூல் என்றால் மெலிந்த நூலுக்கு மாறுங்கள். லினன் நூலில் 18/3, 25/3, 30/3 என்று எண் போட்டிருக்கும். முதல் எண் ஏற ஏற நூல் மெலியும், இரண்டாவது எண் எத்தனை இழை சேர்த்து முறுக்கியது என்பது. தொடக்கத்தில் எல்லாரும் தடித்த 18/3 நூலையே வாங்குகிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்பதால். நான்கைந்து ஃபாரத்துக்கு அது சரி. பத்துக்கு மேல் போனால் 30/3 தான் வசதி.

ஃபாரங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது இன்னொரு வழி. ஒரு ஃபாரத்தில் எத்தனை தாள் செருகலாம் என்பது தாளின் எடையை, அதாவது ஜிஎஸ்எம்மை (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதை), பொறுத்தது: 80 ஜிஎஸ்எம் தாளில் 4 அல்லது 5, 120 ஜிஎஸ்எம்மில் 3 அல்லது 4, 200 ஜிஎஸ்எம்மில் 2, நீர்வண்ணத்துக்கான 300 ஜிஎஸ்எம்மில் ஒன்றே போதும். இது நான் கைக்கொள்ளும் அளவு, சட்டம் அல்ல.

கட்டியாகிவிட்டது, புடைத்திருக்கிறது, என்ன செய்வது? முதுகுப் பக்கமாக எடை ஏற்றி ஒரு நாள் வைத்தால் கொஞ்சம் இறங்கும். அதற்கு மேல் இறங்கவில்லையென்றால் அந்த நோட்டை ஒட்டுநோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். படம், டிக்கெட், காய்ந்த இலை என்று பக்கங்களில் ஒட்ட ஒட்ட முன்விளிம்பு தடிக்கும், முதுகின் புடைப்பு அதோடு சமமாகிவிடும். அந்த மாதிரி நோட்டுகளில் முதுகு தடிக்க வேண்டும் என்பதற்காகவே ஃபாரங்களுக்கு இடையே குட்டையான தாள் பட்டைகளைச் சேர்த்துத் தைப்பது வழக்கம்.

முன்விளிம்பில் உள்தாள்கள் வெளியே துருத்துகின்றன

ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது உள்ளே இருக்கும் தாளை வெளித்தாள்களின் தடிமன் முன்னே தள்ளுகிறது. 80 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன், ஆகவே 10 தாள் செருகினால் கடைசித் தாள் ஏறக்குறைய 1 மி.மீ. வெளியே நிற்கும். பிழையே இல்லை இது. பிடிக்கவில்லையென்றால் தைப்பதற்கு முன் ஒவ்வொரு ஃபாரத்தின் முன்விளிம்பையும் நறுக்கிவிடுங்கள். விட்டுவிட்டாலும் குறையில்லை, கையால் கட்டிய நோட்டுக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

தையல் தளர்ந்து ஃபாரங்கள் ஆடுகின்றன

தளர்வு எந்த ஃபாரத்தில் தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு ஃபாரத்தின் நடுப்பக்கத்தையும் திறந்து, நூலுக்கு அடியில் ஊசியின் காதை நுழைத்து மெல்லத் தூக்குங்கள். எல்லா ஃபாரத்திலும் நூல் ஒரே அளவு எழும்பினால், ஃபாரங்கள் நன்றாக அமுங்காத நிலையில் தைத்திருக்கிறீர்கள். பயன்படுத்தப் பயன்படுத்தத் தாள் படிந்து நூல் மிஞ்சிவிட்டது. ஓர் இடத்தில் மட்டும் எழும்பினால், அங்கே இழுத்துவிட மறந்திருக்கிறீர்கள். நூல் இறுக்கமாக இருந்தும் ஃபாரம் ஆடினால் துளை பெரிது.

இறுக்குவதில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு துளைக்கும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு ஃபாரத்தைத் தைத்து முடித்து, அடுத்ததற்குப் போகும் முன் அந்த ஃபாரத்தின் நூல் முழுவதையும், எந்தத் திசையில் தைத்துக்கொண்டு போகிறோமோ அதே திசையில், முதுகுக்கு இணையாக இழுத்து விடுங்கள். நூல் முதுகின்மேல் படுத்திருக்க வேண்டும், அதில் விரல் வைத்தால் மிதக்கக் கூடாது. மெழுகு பூசிய நூல் துளையைப் பிடித்துக்கொள்ளும், பூசாத நூல் நீங்கள் அடுத்த ஃபாரத்தை எடுப்பதற்குள் வழுக்கிப் பின்னால் வந்திருக்கும்.

முதுகில் பசை போடாத நோட்டென்றால் தளர்ந்ததை மீட்கலாம்:

1. கடைசி முடிச்சைக் கண்டுபிடித்து ஊசி முனையால் அவிழுங்கள். வெட்ட வேண்டாம், அந்த நூல் நீளம் தேவைப்படும்.
2. முதல் முடிச்சிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தையலிலும் இருக்கும் மிச்ச நூலை ஊசியின் காதால் அடுத்த துளைக்குத் தள்ளிக்கொண்டே வாருங்கள். உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை.
3. ஃபாரம் முடியும் இடத்தில் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.
4. கடைசியில் சேரும் நூலை இறுக்கி மறுபடி முடியுங்கள்.

பொறுமை வேண்டும், ஆனால் நோட்டைப் பிரித்து மறுபடி தைப்பதைவிடக் குறைந்த வேலை. முதுகில் பசை காய்ந்துவிட்டால் இது நடக்காது.

தலையும் அடியும் ஒடுங்கி நடு முதுகு பருத்திருக்கிறது

காரணம் கெட்டில் தையல். தலையிலும் அடியிலும் கடைசித் துளையிலிருந்து வெளியே வரும் நூலைக் கீழே உள்ள ஃபாரத்தின் நூலுக்கு அடியில் செருகி, வளையத்துக்குள் விட்டு இழுக்கிறோமே, அது. ஆர்வத்தில் அதை ஒரேயடியாக இறுக்கினால் இரண்டு முனைகளும் கீழே இழுபடும், நடுவில் ஃபாரங்கள் தங்கள் இயல்பான தடிமனில் நிற்கும். கெட்டில் தையல் சிக்கெனப் பிடிக்க வேண்டும், அடுத்த ஃபாரத்தைக் கீழே இழுக்கக் கூடாது. இரண்டு மூன்று ஃபாரத்துக்கு ஒருமுறை அளவுகோலை முதுகின்மேல் நிறுத்திப் பாருங்கள்: தலை, நடு, அடி மூன்றிலும் ஒரே உயரம் இருக்கிறதா என்று.

இதற்கு நேர்மாறாக, இரண்டு ஃபாரங்களுக்கு நடுவே தலையிலோ அடியிலோ மட்டும் இடைவெளி வாய் பிளந்தால், அங்கே ஒரு கெட்டில் தையல் விட்டுப்போயிருக்கிறது. தனி நூல் துண்டு ஒன்றை மெழுகி அந்த இரண்டு ஃபாரத்தின் நூல்களையும் வளைத்து முடிந்துவிடலாம். நடு முதுகில் இடைவெளி என்றால் துளைகள் போதவில்லை. ஏ5 உயரத்துக்கு 5 அல்லது 6 துளை வையுங்கள். காப்டிக் தையலில், அதாவது முதுகில் பசையில்லாமல் ஃபாரங்களைச் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்துத் தைப்பதில், 4 துளை வைத்துவிட்டு நடுவில் பிளக்கிறது என்று வருந்துவதில் பயனில்லை.

மடிப்பு துளையிலிருந்து கிழிகிறது

நூலை முதுகிலிருந்து வெளிப்பக்கமாக, உங்களை நோக்கி இழுத்தால் கிழியும். முதுகின் நீளத்தோடு இழுத்தால் கிழியாது. கைப்பழக்கம் இது, வேறு ரகசியம் இல்லை. துளை தலைக்கோ அடிக்கோ மிக நெருங்கியிருந்தாலும் கிழியும். முனையிலிருந்து 10 முதல் 15 மி.மீ. விட்டுத் தொடங்குங்கள்.

கிழிந்த ஃபாரத்தைத் தூக்கிப்போட வேண்டாம். வெளித்தாளின் மடிப்பின்மேல் 15 மி.மீ. அகலத்தில் மெல்லிய ஜப்பானிய நார்த்தாள் பட்டை ஒன்றை ஸ்டார்ச் பசையால் ஒட்டி, காய்ந்ததும் புதிதாகத் துளையிடுங்கள். பட்டையின் நாரும் மடிப்போடு ஓட வேண்டும். செல்லோடேப் மட்டும் வேண்டாம். நாளாக ஆக அதன் பசை மஞ்சளாகிக் கசியும், டேப் உரிந்து வரும், கறை நிற்கும்.

துளைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

முதுகைப் பக்கவாட்டில் பார்த்தால் ஃபாரங்கள் மேலும் கீழுமாக நிற்கின்றன. அளவுப்பட்டை தலைகீழாகியிருக்கும். துளைகளின் இடம் குறித்த பட்டையில் தலைப்பக்கம் அம்புக்குறி போடுங்கள், ஒவ்வொரு ஃபாரத்தின் நடுத்தாளிலும் தலையில் பென்சிலால் சிறு புள்ளி வையுங்கள். அளவை எப்போதும் தலையிலிருந்தே எடுங்கள். நடுவிலிருந்து எடுத்தால் வெட்டில் இருக்கும் சிறு வேறுபாடுகள் எல்லாம் கூடிவிடும்.

உட்பக்கத்தில் துளை சரியாக மடிப்பில் இருந்து, வெளிப்பக்கத்தில் மடிப்பை விட்டு விலகியிருந்தால் குத்தூசியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். ஃபாரத்தைப் பாதி திறந்து, வி வடிவத் தொட்டிலில் வைத்து, இரண்டு பக்கத்துக்கும் சரிநடுவாகச் செங்குத்தாகக் குத்த வேண்டும். தொட்டில் இல்லையென்றால் தடித்த புத்தகம் ஒன்றை நடுவில் திறந்து அதன் பள்ளத்தில் வைத்துக்கொள்ளலாம், அந்தப் புத்தகத்தின்மேல் உங்களுக்கு அன்பு இல்லையென்றால்.

நூல் அறுகிறது, சிக்குகிறது, பிசிறுகிறது

கைவிரிப்புக்கு மேல் நீளமான நூல் சிக்கத்தான் செய்யும். தேவையான நீளம் ஏறக்குறைய முதுகின் உயரம் பெருக்கல் ஃபாரங்களின் எண்ணிக்கை, அதோடு இன்னும் இரண்டு உயரம். அது கைக்கு அடங்காமல் போனால் பாதியாக எடுத்துத் தைத்து, நெசவாளர் முடிச்சால் அடுத்த நூலை இணையுங்கள். முடிச்சு ஃபாரத்தின் உள்ளே வரட்டும், முதுகில் வந்தால் மேடு தெரியும்.

திடீரென்று நூல் முன்னும் போகாமல் பின்னும் வராமல் மாட்டிக்கொண்டால், ஏற்கெனவே துளையில் இருந்த நூலை ஊசி குத்தி ஊடுருவியிருக்கிறது. இழுக்காதீர்கள். ஊசியைக் கழற்றி நூலைப் பின்னால் உருவுங்கள். ஒரே துளை வழியாக இரண்டாவது முறை போகும்போது பழைய நூலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியை விட வேண்டும். முனை மழுங்கிய ஊசி இதற்கு நல்லது, துளைகளைத்தான் குத்தூசியால் முன்பே போட்டுவிட்டோமே. எம்பிராய்டரி பருத்தி நூல் பிசிறும். வழுக்கும் நைலான் தாளை அறுக்கும். மெழுகிய லினன், அல்லது மெழுகிய பாலியஸ்டர், இவ்வளவுதான்.

அட்டைத் தொல்லைகள்

மென்னட்டையில் நான்கு விதமாகப் பிசகும்.

மடிப்பில் வெடித்து வெள்ளை நார் தெரிகிறது என்றால் நாருக்குக் குறுக்கே மடித்திருக்கிறீர்கள், அல்லது கோடு பதிக்காமல் மடித்திருக்கிறீர்கள். 200 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட எந்தத் தாளையும் முதலில் அளவுகோல் வைத்து, போன் ஃபோல்டரின் முனையாலோ மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவாலோ கோடு அழுத்திவிட்டுத்தான் மடிக்க வேண்டும். அழுத்தியதில் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு விழும். மேடு மடிப்பின் உள்ளே போகட்டும்.

வெளியே ஒரு தாள், உள்ளே ஒரு தாள் ஒட்டிய அட்டை ஒரு பக்கமாகச் சுருள்கிறது என்றால், பசையில் நனைந்து விரிந்த தாள் காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. மறுபக்கமும் அதே எடையில் ஒரு தாள், அதே பசை, அதே நாரோட்டம். இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். முழுக்கக் காயும்வரை எடைக்கு அடியில் இருக்க வேண்டும்; அவசரமாக வெளியே எடுத்த அட்டையை மறுபடி நேராக்குவது கடினம்.

அட்டை முன்விளிம்பில் குறைந்து தாள்கள் வெளியே தெரிகின்றன என்றால் முதுகின் தடிமனைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஃபாரங்களை அடுக்கிக் கையால் லேசாக அமுக்கிய நிலையில் தடிமனை அளந்து, அதோடு நூல் தடிமனை ஃபாரங்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். அளவுகோலை நம்பாதவர்கள் ஒரு தாள் பட்டையை முன்னட்டையின் விளிம்பிலிருந்து முதுகைச் சுற்றிப் பின்விளிம்புவரை இழுத்துக் குறித்துக்கொள்ளலாம், அதுவே சரியான அகலம். முதுகை அளவுக்கு மீறி அகலமாக வைத்தாலும் தொல்லைதான், ஃபாரங்கள் அதற்குள் வழுக்கி ஒரு பக்கம் சாயும்.

லாங் ஸ்டிச் முறையில், அதாவது அட்டையின் முதுகையே துளைத்து ஃபாரத்தோடு சேர்த்துத் தைக்கும் முறையில், அட்டைத் துளைகள் கிழிவது நான்காவது. நாள்தோறும் திறந்து மூடும் நோட்டு முழுவதும் அந்தத் துளைகளில்தான் தொங்குகிறது. வெறும் தாள் அட்டை நெடுநாள் தாங்காது. துளையிடுவதற்கு முன் முதுகின் உட்புறம் மெல்லிய பருத்தித் துணிப் பட்டை ஒட்டுங்கள், இரண்டு பக்கமும் 2 செ.மீ. மடிப்பைத் தாண்டி வரட்டும். தோல் அட்டைக்கு இது தேவையில்லை.

பசை ஃபாரங்களுக்கு நடுவே இறங்கி ஒட்டிக்கொண்டது

முதுகில் பசை தடவும்போது ஃபாரங்களை நெருக்கிப் பிடிக்கவில்லை. இரண்டு பலகைக்கு இடையே முதுகு மட்டும் தெரியும்படி இறுக்கி, பிவிஏ எனும் வெள்ளைப் பசையை மெல்லியதாக, தூரிகையால் குத்துவதுபோல் தடவுங்கள். ஒரே தடவையில் தடிக்கப் பூசுவதைவிட மெல்லிய இரண்டு பூச்சு உறுதி. மரவேலைக்கான பசை காய்ந்து கெட்டித்தால் மென்னட்டையோடு வளையாமல் விரிசல் விடும். வளைந்து கொடுக்கும், புத்தகக் கட்டுக்கென்றே உள்ள பிவிஏ கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஒற்றைத் தாள்கள் கழன்று விழுகின்றன

தைக்காமல், மடிப்பில்லாத தாள்களை அடுக்கிப் பசையால் மட்டும் கட்டிய நோட்டில் இது நடக்கும். தாள்களின் விளிம்பில் மட்டும் பசை தொட்டிருக்கிறது, பிடிக்க இடமே இல்லை. அடுக்கை இறுக்கிப் பிடித்து முதுகை ஒரு பக்கம் விசிறிபோல் வளைத்துப் பசை தடவி, அப்புறம் எதிர்ப்பக்கம் வளைத்து இன்னொரு முறை தடவுங்கள். இப்போது பசை ஒவ்வொரு தாளின் இரண்டு முகத்திலும் நூலிழை அகலம் ஏறியிருக்கும். ஜெர்மானியரான எமில் லும்பெக்கின் பெயரால் அறியப்படும் முறை இது. மேலே ஒரு துணிப் பட்டை ஒட்டினால் நன்றாகவே தாங்கும். வழவழப்பான பூச்சுத் தாளுக்கு மட்டும் இது சரிவராது, பசை நாரைத் தொடாது.

நோட்டு தட்டையாகத் திறக்கவில்லை

பல நேரம் இது பிழையே அல்ல, தேர்ந்தெடுத்த கட்டு முறையின் இயல்பு. ஜப்பானியப் பக்கத் தையல் எவ்வளவு அழகாகச் செய்தாலும் தட்டையாகத் திறக்காது. தையல் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிப் போகிறது, அந்த ஓரம் முழுவதும் கைவிட்டதுதான். மெல்லிய தாளும், முதுகுப் பக்கம் 2 முதல் 3 செ.மீ. வெற்றிடமும் இருந்தால் அது நன்றாக உழைக்கும். படம் வரைவதற்கென்றால் காப்டிக் தையலோ லாங் ஸ்டிச்சோதான் ஏற்றவை. ஒரே ஃபாரம் உள்ள சிறு நோட்டுக்கு மூன்று துளைத் தையல் போதும். முறை சரியாக இருந்தும் திறக்க மறுத்தால் முதல் தலைப்புக்குத் திரும்பி நாரோட்டத்தைப் பாருங்கள்.

நீர்வண்ணம் தீட்டினால் அடுத்த பக்கத்தில் கறை, தாளில் பள்ளம்

நடுப்பக்கத்தில் ஈரமாகத் தீட்டினால் தையல் துளை வழியாக வண்ணம் ஃபாரத்தின் மறுபுறத்துக்கு இறங்கும். துளையைச் சிறியதாகப் போடுவதுதான் தடுப்பு. நூல் துளையை நிரப்பி நிற்க வேண்டும். ஏற்கெனவே கட்டியதென்றால் நடுமடிப்பில் நீர் தேங்காமல் தீட்டி, தேங்கினால் உடனே ஒற்றி எடுங்கள். தாள் குழிவது எடை குறைவதால். 200 ஜிஎஸ்எம்முக்குக் கீழே நிறைய நீரைத் தாங்கும் தாள் அரிது. 300 ஜிஎஸ்எம் வாங்கினால் மடிப்பதற்கு முன் கோடு அழுத்த மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் மடிப்பு வெடிக்கும், அதன்மேல் வண்ணம் ஏறிக் கோடாகத் தெரியும்.

வெட்டிய விளிம்பு கரடுமுரடாக, சாய்வாக இருக்கிறது

பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது ஒரே வெட்டில் எல்லாத் தாளையும் அறுக்கப் பார்த்திருக்கிறீர்கள். முனை முறிக்கும் கத்தியில் புதிய முனை எடுத்து, இரும்பு ஸ்கேல் வைத்து, அழுத்தாமல் பல முறை இழுங்கள். ஒவ்வோர் இழுப்பிலும் இரண்டு மூன்று தாள் அறுந்தால் போதும். விளிம்பு சாய்ந்திருந்தால் கத்தி சாய்ந்திருக்கிறது. ஸ்கேலின் பக்கவாட்டில் பிளேடு முழுதாகப் படிந்து செங்குத்தாக ஓட வேண்டும். ஸ்கேல் நகர்ந்தால் அதன் அடியில் மணல்தாள் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்கேலை அமுக்கும் விரல்கள் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மூன்று ஃபாரத்துக்கு மேல் தடிமன் போனால் தைத்த பிறகு வெட்டுவதை விட்டுவிட்டு, தைக்கும் முன்னரே ஃபாரம் ஃபாரமாக வெட்டிவிடுங்கள்.